அத்திரம்பாக்கத்துக் கல்லும் ஆதாமின் பிள்ளைகளும்

திருத்தணி மலையைச் சுற்றிப் பெய்யும் மழை நந்தியாற்றிலும் நகரியாற்றிலும் இறங்கி, கொசஸ்தலையாற்றோடு கலந்து, கடைசியில் பூண்டி ஏரிக்கு வந்து சேர்கிறது. அந்த ஏரிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர். 1863 செப்டம்பர் 28 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அந்த ஊர் ஓடைக்கரையில் மனிதக் கை செதுக்கிய கற்களைக் கண்டெடுத்தார்கள். நான்கு மாதத்துக்கு முன்பு, மே 30 அன்று, பல்லாவரத்தில் ஃபூட் ஒரு கைக்கோடரியை எடுத்திருந்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியவந்தது இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான்.

கைக்கோடரிக்குக் காம்பு கிடையாது. துளி வடிவில், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் குவார்ட்சைட் கல் அது. தடித்த அடிப்பகுதி கைக்குள் அடங்கும். நுனியை நோக்கி இரண்டு பக்கமும் செதில் செதிலாகப் பெயர்க்கப்பட்டு, விளிம்பு வளைந்து ஓடும். ஒரு செதிலைப் பெயர்க்கும்போதே அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று அதைச் செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல் கைக்கு வருமுன்பே வடிவம் மனத்தில் இருந்திருக்க வேண்டும். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்துவருகிறார்கள். அடி ஆழத்துக் களிமண் அடுக்கில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று அவர்களும் அவர்களுடன் உழைத்த ஆய்வாளர்களும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

அந்த வயது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸ் படிகங்களைத் தாக்கி, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகளை ஏறத்தாழ மாறாத விகிதத்தில் உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர்கள் எட்டாது. புதிதாக எதுவும் சேராது. இருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம் பாதியாகக் குறையச் சுமார் 7 லட்சம் ஆண்டு போதும். பெரிலியத்துக்குச் சுமார் 14 லட்சம் ஆண்டு வேண்டும். ஒன்று விரைவாகவும் மற்றது மெதுவாகவும் குறைவதால், இன்று மிஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எப்போது மண்ணுக்குள் போனது என்று கணக்கிடலாம். அதே அடுக்கின் மண்ணில் பதிந்திருக்கும் காந்தத் திசையும் சோதிக்கப்பட்டது. அது இன்றைய திசைக்கு நேர் எதிராக இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திசை மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே அந்த மண் அதைவிட இளையதாக இருக்க முடியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகள் முரண்படாமல் ஒத்துப்போகின்றன.

கிங் பின்னாளில் நகரிப் பள்ளத்தாக்கில் வேலை செய்தார். கீழே பழைய கிரானைட், அதன்மேல் கடலடி மணல் இறுகி உண்டான குவார்ட்சைட், இரண்டும் தொடும் கோட்டில் ஒரு பெரும் கால இடைவெளி. இதை அவர் 1872இல் எழுதினார். அந்த இடைவெளி சுமார் 80 கோடி ஆண்டு என்று இன்று கணிக்கிறார்கள். திருமலை மலைப்பாதையில் அதே கோடு தெரியும் இடம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிட்டிருந்த காலத்தில்தான் ஃபூட்டும் கிங்கும் வேலை செய்தார்கள். பேராயர் ஜேம்ஸ் அஷர் பதினேழாம் நூற்றாண்டில் பைபிளின் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு அது. ஃபூட்டின் தலைமுறை அந்த எண்ணைப் பார்த்தே வளர்ந்தது.

ஃபூட்டின் குடும்பத்தையும் பாருங்கள். அவர் மணந்துகொண்டது எலிசபெத் ஆன் பெர்சிவலை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள் அவர். ஆதாமின் கதையைத் தமிழர்களுக்குத் தமிழில் கொடுத்தவர் மாமனார். ஆதாமுக்கு அஷர் குறித்த காலத்தைவிட எத்தனையோ மடங்கு பழைய கற்களைத் தமிழ் மண்ணிலிருந்து எடுத்தவர் மருமகன். ஃபூட்டின் நினைவுக்கல் இன்றும் ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தில்தான் இருக்கிறது.

ஒரு குடும்பத்துக்குள் இரண்டும் இருக்க முடிந்திருக்கிறது. அப்படியிருக்க, இன்று ஒரு விசுவாசி பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டதும் தன்னையே யாரோ சீண்டுவதாக ஏன் உணர்கிறார்? நிலவு வளர்ந்து தேய்வதற்கும் நோய் பரவுவதற்கும் அறிவியல் சொல்லும் காரணங்களை அவர் தடையில்லாமல் ஏற்கிறார். பரிணாமத்தில் மட்டும் மனம் கலங்குகிறது. இதை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் அந்தக் கலக்கத்தை ஒருமுறையும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

அமெரிக்காவில் 2012இல் நடந்த பொதுச் சமூகக் கணக்கெடுப்பில் ஒரு சோதனை செய்தார்கள். மனிதர்கள் முந்தைய விலங்கினங்களிலிருந்து உருவானவர்கள் என்பது சரியா, தவறா என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். 48 விழுக்காட்டினர் சரி என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் அதே வாக்கியத்துக்கு முன்னால் ‘பரிணாமக் கோட்பாட்டின்படி’ என்ற சொற்களைச் சேர்த்துக் கேட்டார்கள். 72 விழுக்காட்டினர் சரி என்றார்கள். கோட்பாடு என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரிந்தே இருக்கிறது. முதல் கேள்வி அவர்கள் காதில் அறிவைச் சோதிக்கும் கேள்வியாக விழவில்லை. நீ யார் பக்கம் என்று கேட்பதாக விழுந்தது. சபையில் வளர்ந்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, தேர்வில் டார்வினைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடையைத் தவறில்லாமல் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதை ஒருபோதும் எழுதாததுபோல் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். ஜெபம் சொல்லிக்கொடுத்த ஆயாவையும், காய்ச்சல் வந்தபோது தலையில் கைவைத்து ஜெபித்த பாஸ்டரையும் காட்டிக்கொடுப்பதுபோல அந்தப் பிள்ளைக்குத் தோன்றுகிறது.

இறையியலின் கண்ணோட்டத்தில் முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்ப்போம். ஆறு நாள் படைப்பை உருவகமாக எடுத்துக்கொள்வது பெரும்பாலான சபைகளுக்கு அவ்வளவு கடினமல்ல. சிக்கல் ஆதாமில் இருக்கிறது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் ஒரே மனிதனால் பாவமும் மரணமும் உலகத்தில் நுழைந்தன என்றும், ஒரே மனிதராகிய கிறிஸ்துவால் மீட்பு வந்தது என்றும் வாதிடுகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது கிறிஸ்துவைப் பிந்தின ஆதாம் என்கிறார். பாவம், மரணம், சிலுவை, இரட்சிப்பு ஆகிய நான்கும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன. முதல் வளையம் கழன்றால் தன் பாவம் மன்னிக்கப்பட்ட அந்த இரவு என்ன ஆகும் என்று ஒரு விசுவாசி அஞ்சுகிறார். குடியை விட்ட நாளைத் தேதியோடு சாட்சியாகச் சொல்லும் ஒருவருக்கு அது வெறும் தத்துவச் சிக்கல் அல்ல. அவருடைய மறுவாழ்வே அந்தச் சங்கிலியில் தொங்குகிறது.

மரணமும் அப்படித்தான். பாவத்தின் விளைவாக மரணம் வந்தது என்று கற்றவரிடம், மனிதன் தோன்றுமுன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் பிறந்து, பசித்து, இரையாகி மடிந்தன என்றும், அந்த மடிவினூடேதான் நாம் உருவானோம் என்றும் அறிவியல் சொல்கிறது. தாயின் வயிற்றில் தன்னை ஒருவர் பார்த்துப் பார்த்து உருவாக்கினார் என்று நம்பி வாழ்பவருக்கு, தற்செயல் மாற்றங்களும் இயற்கைத் தேர்வும் சேர்ந்து தன்னை உண்டாக்கின என்று கேட்பது, யாரும் தன்னை விரும்பிப் படைக்கவில்லை என்று கேட்பதாகிவிடுகிறது.

டார்வினின் சொந்த வீட்டிலேயே இந்த வலி இருந்தது. அவர் கேம்பிரிட்ஜில் படித்தது பாதிரியார் ஆவதற்காக. 1839இல் எம்மாவை மணந்தார். எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். மணமான புதிதில் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்கப்படாத எதையும் நம்பக்கூடாது என்ற ஆய்வாளரின் பழக்கம் நிரூபிக்க முடியாத மேலான விஷயங்களையும் உங்களிடமிருந்து பறித்துவிடுமோ என்பது அதன் சாரம். நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்கள் இல்லையென்று ஆகிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்ற பயம் அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 1851இல் அவர்களுடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். பரிணாமத்தால் தன் நம்பிக்கை தனிப்பட்ட முறையில் சோதிக்கப்பட்ட கிறிஸ்தவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர் எம்மா டார்வின் என்பது என் எண்ணம். அவருக்கு எலும்புகளைப் பற்றியோ பாறைகளைப் பற்றியோ சண்டையே இல்லை.

நம் ஊருக்கு வந்தால் இன்னொரு காரணமும் சேருகிறது. மேலைநாட்டு நூல்களில் இதற்குப் போதிய இடம் கிடைப்பதில்லை. தொண்டை மண்டலத்திலும் ஆந்திர எல்லை தாண்டியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்த குடும்பங்கள். 1876–78 பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். தொட்டால் தீட்டு என்றும் நிழல் பட்டால் தீட்டு என்றும் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒரு செய்தி கொண்டுவந்தது: நீயும் தேவசாயலில் படைக்கப்பட்டவன். சபைகளுக்குள்ளேயே சாதி புகுந்து தனி இருக்கையும் தனிக் கல்லறையும் கேட்டது வெட்கக்கேடான உண்மை. ஆனாலும் அந்த வசனம் அழியவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் பேரனிடம் ‘நீ குரங்கிலிருந்து வந்தவன்’ என்று மேடையில் ஒருவர் பேசினால், தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வசவு மறுபடி காதில் விழுகிறது.

அந்தக் காயம் கற்பனையல்ல. ஃபூட்டின் கற்கருவிச் சேகரிப்பு போய்ச் சேர்ந்த சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அதே காலத்தில் சாதி சாதியாக மக்களை அழைத்து மண்டையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். மூக்கு அகலத்தைக் கொண்டு சாதிகளை உயர்வு தாழ்வாக அடுக்க முடியும் என்று அன்றைய மானுடவியலில் ஒரு கூட்டம் நம்பியது. பரிணாமத்தின் சொற்களைத் தன் மேல் போர்த்திக்கொண்டது. அமெரிக்காவில் 1925இல் டெய்டன் நகர வழக்கில் பரிணாமத்துக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனுக்கும், வலியவன் வாழ்வான் என்ற பேச்சு ஏழைகளை மிதிக்கும் சாக்காகிவிடும் என்ற கவலை இருந்தது. உண்மையில் அந்த அடுக்கை உடைத்தது பரிணாம அறிவியல்தான். உலகத்தில் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் அவர்களுடைய டி.என்.ஏ. ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே. நம் இனம் முழுவதும் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் வேர்விட்ட ஒரே குடும்பம். மேட்டுத்தெருவுக்கும் சேரிக்கும் வேறு வேறு மூதாதை இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுக் குரங்கைப் பற்றிப் பேசியிருந்தால் எத்தனையோ காயங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் டார்வின் வந்த பாதையும் ஒரு காரணம். 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த ‘தத்துவவிவேசினி’ இதழ் டார்வினையும் ஐரோப்பிய நாத்திகர்களையும் ஒருசேரத் தமிழில் அறிமுகம் செய்தது. மிஷனரிகளையும் கடுமையாக விமர்சித்தது. 1930களில் ம. சிங்காரவேலர் ‘குடி அரசு’ இதழில் எழுதிய அறிவியல் கட்டுரைகள் அதே மரபில் வந்தவை. தமிழில் அறிவியலை எளிய மக்களிடம் கொண்டுசென்ற அந்தப் பணிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதனால் ஒரு விளைவும் உண்டாயிற்று. ‘குரங்கிலிருந்து மனிதன்’ என்பதும் ‘கடவுள் இல்லை’ என்பதும் ஒரே மேடையில், ஒரே மூச்சில் பேசப்பட்டன. முதலாவதை ஏற்றால் இரண்டாவதையும் ஏற்றாக வேண்டும் என்று கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள்.

சொந்த நம்பிக்கை சீண்டப்பட்டால் எப்படி இருக்கும் என்பதைத் திருத்தணிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1888இல் இங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூரில் ஊரீஸ் கல்லூரியிலும், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். இந்து சமயத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று மிஷனரி ஆசிரியர்கள் வைத்த விமர்சனம் அந்த இளைஞரைக் குத்தியது. தன் ஆய்வுக்கு அந்தக் குத்தலே தூண்டுதல் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908இல் அவர் எழுதிய ஆய்வேட்டை அந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், கிறிஸ்தவராக இருந்தும், மனம்திறந்து பாராட்டினார். ராதாகிருஷ்ணனின் முடிவுகளோடு உடன்படாதவர்கள் உண்டு. சீண்டப்பட்டபோது அவர் புத்தகத்தை மூடவில்லை, ஆழமாகப் படிக்கப் போனார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்படிப் படிக்கப் போன கிறிஸ்தவர்கள் ஏராளம். ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே தீவிர பிரெஸ்பிடேரியன். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் குரல்கொடுத்தவர். தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர். பரிணாமத்தின் வெளிச்சம் இல்லாமல் உயிரியலில் எதுவும் விளங்காது என்ற பொருளில் 1973இல் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். மனித மரபணுத் திட்டத்தை நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷ விசுவாசி. கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றது. 1996இல் இரண்டாம் யோவான் பவுல் அதை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார்.

பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்ற பிடிவாதத்தைத் தாத்தா காலத்து விசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அஷரின் கணக்கு பழையதானாலும் இந்தப் பிடிவாதம் புதியது. டெய்டன் வழக்கில் பிரையனே ஆறு நாள் என்பது இருபத்து நான்கு மணிநேர நாள் ஆகவேண்டியதில்லை என்றுதான் சாட்சி சொன்னார். பைபிள் சொல்லும் பெருவெள்ளத்தால் பாறைகள் எல்லாம் உண்டாயின என்ற வாதத்தை 1920களில் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் என்ற அட்வென்டிஸ்ட் முன்வைத்தார். 1961இல் விட்கோமும் மாரிஸும் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. அங்கிருந்துதான் அது நம் ஊர்ச் சபைகளுக்குப் புத்தகமாகவும் வீடியோவாகவும் வந்தது. பெர்சிவல் பாதிரியாரின் பைபிளைவிட நூறு வயதுக்கு மேல் இளையது அந்த நூல்.

சான்றுகளை மென்மையாக்கிச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. மலைப்படிகளில் தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் நாட்டுக்குரங்கு நம் மூதாதை அல்ல. அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதை சுமார் 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. அந்த உறவுக்கு நம் உடலிலேயே ஒரு தடயம் உண்டு. ஆடும் மாடும் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும். அதைத் தயாரிக்கும் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, பழுதாகி. அதே மரபணு, டி.என்.ஏ. வரிசையில் அதே இடத்தில், சிம்பன்சியிடமும் நாட்டுக்குரங்கிடமும் பழுதாகவே இருக்கிறது. வெகுகாலம் முன்பே கிளைபிரிந்துபோன தேவாங்கிடம் அது பழுதாகவில்லை. தனித்தனியாகப் படைக்கப்பட்டிருந்தால் உறவுமுறை வரிசைப்படியே ஒரு பழுது கைமாறி வந்திருக்க வேண்டியதில்லை. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயலும் எந்த விசுவாசியும் பொது மூதாதையைத் தாண்டிப் போக முடியாது.

அதேபோல, இன்றைய மனிதர்களின் மரபணு வேறுபாடுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் நம் மூதாதையர் தொகை அண்மைக் காலத்தில் எப்போதும் இரண்டே பேராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். ஆகவே ஆதாமை என்ன செய்வது என்ற கேள்வி உண்மையான கேள்விதான். அதைக் கிறிஸ்தவ இறையியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பலரில் ஒருவனைக் கடவுள் அழைத்து மனிதகுலத்தின் பிரதிநிதியாக நிறுத்தினார் என்கிறார்கள் சிலர். ஆதாம் நம் ஒவ்வொருவரின் கதை என்கிறார்கள் வேறு சிலர். இந்த விவாதத்தில் முடிவு சொல்வது அறிவியலின் வேலையல்ல.

அத்திரம்பாக்கத்தில் இதுவரை மனித எலும்பு கிடைக்கவில்லை. சில விலங்குகளின் பற்கள் கிடைத்தன. கருவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. செய்தவர்கள் நம் இனத்துக்கு முந்தியவர்கள், அநேகமாக ஹோமோ எரக்டஸ். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கொசஸ்தலைக் கரையில் குந்தி உட்கார்ந்து கல்லைச் செதுக்கிய அந்தக் கை தேவசாயலைச் சேர்ந்ததா என்று ஒரு பிள்ளை கேட்டால் அலுமினியம்-26 பதில் சொல்லாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று அதட்டும் பெரியவரையும், அது முட்டாள்தனமான கேள்வி என்று சிரிக்கும் பெரியவரையும் நான் ஏற்கமாட்டேன். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது; இப்படிப்பட்ட கருவிகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்புகளில் ஒருநாள் பிள்ளைகளை வேனில் அங்கே அழைத்துப் போகலாம். பள்ளியின் அறிவியல் ஆசிரியரும் கூட வரட்டும். கல்லின் வயதை அவர் விளக்கட்டும், ஆதாமைப் பற்றிப் பாஸ்டர் பேசட்டும். இருவரும் ஒரே வேனில் திரும்பி வரட்டும்.